வேளாண் வணிகத்தில் ஈராண்டுப் பட்டம்: பணக்கணக்கில் ஈடாகுமா?

முருங்கைப்பூ (கிளோவிஸ், கலிஃபோர்னியா), ஏப்ரல் 2025

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் வரும் ஜூன் மாதம் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அடுத்து எங்கே சேர்ப்பது என்பதை மே 1ஆம் தேதிக்குள் முடிவு செய்தாக வேண்டும். நானும் கணவரும் பல நாள் பேசியும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஃபிரெஸ்னோ வட்டாரத்து வேளாண் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிக நிர்வாகப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆகும். மற்றது, இருபத்தைந்து நிமிடத் தொலைவிலுள்ள சமுதாயக் கல்லூரியில் வேளாண் வணிகத்தில் ஈராண்டு அசோசியேட் பட்டம் படிப்பது. அவள் விரும்புவது இதைத்தான்.

அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளியில் நான்கு ஆண்டுகளும் அவள் வேளாண்மை பயிலும் மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. அமைப்பில் இருந்தாள். நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதால், மற்றப் பிள்ளைகளைப்போல் ஆட்டுக்குட்டி வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோகாமல், பள்ளியின் பசுமைக்குடிலில் முருங்கை நாற்றும் கறிவேப்பிலை நாற்றும் வளர்த்தாள். கோயிலில் விற்கலாம் என்று புறப்பட்டபோதுதான், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சைலிட் என்னும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதையும், அதனால் அந்தச் செடியை இடம் மாற்றவும் விற்கவும் இந்த மாநிலத்தில் கட்டுப்பாடுகள் இருப்பதையும் அவளுடைய ஆசிரியர் விளக்கினார். அவள் சோர்ந்துபோகவில்லை. விதிகளைத் தேடிப் படித்து, முருங்கையை மட்டும் விற்று, மண், பை, நீர், தன் உழைப்பு என்று ஒவ்வொரு நாற்றுக்கும் செலவு எழுதி, முடிவில் 212 டாலர் இலாபம் காட்டினாள். அந்தக் கணக்கேட்டைப் பார்த்தபோது, இவளுக்குப் பிடித்தது செடியைவிட அதைச் சுற்றியுள்ள வணிகம்தான் என்று எனக்குத் தோன்றியது.

கணவரின் கவலை வேறு. அவருடைய தந்தை பாபநாசத்துக்கு அருகே நான்கு ஏக்கரில் நெல் பயிரிட்டவர். ஒவ்வொரு சாகுபடிக்கும் வீட்டு நகை அடகுக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, மகள் மீண்டும் வேளாண்மை என்று சொல்வது இயல்பாகவே அச்சத்தைத் தருகிறது. இங்கே நமக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, நிலம் இல்லாதவளுக்கு இந்தப் பட்டத்தால் என்ன வருமானம் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே நான் அறிய விரும்புவது இவைதான். அந்த ஈராண்டுப் பட்டத்தோடு மட்டும் நின்றுவிட்டால் அதற்கென்று கூடுதல் ஊதியம் கிடைக்குமா? பிறகு நான்காண்டுப் பட்டத்துக்குச் செல்ல நினைத்தால் காலமோ பணமோ வீணாகுமா? நாங்கள் கிரீன் கார்டு உடையவர்கள். இருவருக்கும் சம்பளம் இருப்பதால், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூட்டரசு தரும் பெல் மானியம் எங்களுக்குக் கிடைக்காது.

---

கணக்குப்பிள்ளை (ஃபிரீமாண்ட்)

சகோதரி, நான் வரிக் கணக்காளன். வேளாண் தொழிலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது பணக்கணக்கு என்பதால், எண்களை மட்டும் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஓர் அலகுக்கு (பாடச் சுமையை அளக்கும் அளவு அது) 46 டாலர். 2012 கோடைகாலத்திலிருந்து இந்தத் தொகை மாறவில்லை. பட்டத்துக்கு வேண்டிய 60 அலகுகளுக்கு 2,760 டாலர் ஆகிறது. புத்தகம், சிறு கட்டணங்கள், வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 2,500 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளின் கட்டணத்தைப் பல கல்லூரிகள் வருமானம் பாராமலே தள்ளுபடி செய்கின்றன. மானியம் கிடைக்காது என்று தெரிந்தாலும், கூட்டரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பி வையுங்கள். அது இல்லாமல் பெரும்பாலும் இந்தத் தள்ளுபடி கிடைப்பதில்லை. தள்ளுபடி கிடைக்காவிட்டாலும், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்யும் வருமானம் 160,000 டாலருக்கு மேற்படாதவர்களுக்கு, கல்விக்கான கூட்டரசு வரிச் சலுகையில் ஆண்டுச் செலவின் முதல் 2,000 டாலர் முழுவதுமாகத் திரும்பக் கிடைக்கும். புத்தகச் செலவும் அதில் அடங்கும். அந்தச் சலுகை ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டுமே என்பதால், எந்த நான்கு ஆண்டுகளில் அதைக் கோருவது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

ஆக, கல்லூரிக்குக் கட்டும் பணம் பெரிய செலவே அன்று. படிக்கும் காலத்தில் ஈட்டாமல் விடும் ஊதியம்தான் உண்மையான செலவு. பெற்றோர் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2025இல் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலர். வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் ஆண்டுக்கு 34,320 டாலர். படித்துக்கொண்டே 20 மணி நேரம் வேலை செய்தால் அதில் பாதி. எனவே இரண்டு ஆண்டுகளில் அவள் இழப்பது 34,320 டாலர். கட்டணத்தையும் புத்தகத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 40,000 டாலர் இந்தப் பட்டத்தின் உண்மை விலை.

இதைப் பத்து ஆண்டுகளில் திரும்ப எடுக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 4,000 டாலர், அதாவது மணிக்கு 2 டாலர் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். முதலீட்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டியும் சேர்த்தால் மணிக்கு இரண்டரை டாலர். ஆகவே உங்கள் முதல் கேள்வியை, பட்டம் பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் அதே அலுவலகத்தில் மணிக்கு இரண்டரை டாலர் வேறுபாடு இருக்குமா என்று மாற்றிக் கேட்டால், அந்தத் தொழிலில் இருப்பவர்களால் பதில் சொல்ல முடியும்.

இரண்டாவது கேள்விக்குரிய கணக்கு வேறு. முதல் இரண்டு ஆண்டுகளை வெளியூரில் படித்தால் 60,000 டாலர். வீட்டிலிருந்து படித்தால், அவளுடைய உணவுச் செலவையும் சேர்த்து, 12,000 அல்லது 13,000 டாலருக்குள் முடியும். ஆகவே சமுதாயக் கல்லூரி வழியாகச் சென்றால் 47,000 டாலர் அளவுக்கு மிச்சம். ஆனால் மாறிச் சென்ற பிறகு சில பாடங்கள் ஏற்கப்படாமல் படிப்பு ஓர் ஆண்டு நீண்டுவிட்டால், பட்டதாரியாக அவள் பெற்றிருக்கக்கூடிய ஓர் ஆண்டுச் சம்பளம் போய்விடும். அதை 50,000 டாலர் என்று வைத்தாலும் மிச்சப்பட்டது முழுவதும் கரைந்துவிடும். அந்த ஓர் ஆண்டைக் காப்பாற்றுவதுதான் உங்கள் குடும்பத்தின் பெரிய வேலை என்று நான் கருதுகிறேன்.

---

பாதாம்தோப்பு (மடேரா)

அக்கா, உங்கள் மகள் படிக்க விரும்பும் அதே பட்டத்தை வேறொரு கல்லூரியில் 2013இல் முடித்தவன் நான். எனக்கும் நிலம் கிடையாது. இன்று ஒரு பாதாம் பதப்படுத்தும் நிறுவனத்தில் விவசாயிகளோடு தொடர்பு கொள்ளும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சான் வாகீன் பள்ளத்தாக்கில் நிலத்தின் சொந்தக்காரர்களைப் போலப் பன்மடங்கு பேர், அந்த நிலத்தில் விளைந்ததை எடைபோட்டு, தரம் பார்த்து, பணம் பட்டுவாடா செய்து, காப்பீடு எழுதி, கடன் கொடுத்து, கப்பலேற்றிப் பிழைக்கிறார்கள். ஃபிரெஸ்னோ மாவட்டத்தின் வேளாண் விளைபொருள் மதிப்பு மட்டும் ஆண்டுக்கு 800 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் யாரோ ஒருவர் கணக்கு எழுதுகிறார். வேளாண் வணிகம் என்ற பட்டம் உருவாக்குவது அந்தக் கணக்கு எழுதுபவரைத்தான்.

நான் தொடங்கியது எடைமேடையில். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, மரத்தை உலுக்கித் தரையில் காயவைத்த பாதாம் லாரி லாரியாக ஆலைக்கு வரும். வண்டியை எடைபோட்டு, மாதிரி எடுத்து, ஈரப்பதமும் கல், மண், பூச்சி அரித்த பருப்பு ஆகியவற்றின் அளவும் குறித்து, எந்த விவசாயியின் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று பிரித்து எழுத வேண்டும். அந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. என்னோடு சேர்ந்த ஆறு பேரில் பட்டம் உடையவன் நான் ஒருவன்தான்; ஆறு பேருக்கும் ஒரே ஊதியம். நவம்பரில் ஐந்து பேரை அனுப்பிவிட்டு என்னை மட்டும் அலுவலகத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். விவசாயிகளுக்கு ஒரே சரக்குக்கான பணம் ஆண்டு முழுவதும் தவணைகளாகப் போகும்; அதைக் கையிருப்போடும் விற்பனையோடும் ஒத்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. கல்லூரியில் வேளாண் கணக்கியல் பாடத்தில் நான் படித்தது அதுதான். சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே எடைமேடைக்காரரைவிட மணிக்கு நான்கு டாலர் கூடுதலாக வாங்கினேன். கணக்குப்பிள்ளை ஐயா கேட்ட இரண்டரை டாலருக்கு என் அனுபவத்தில் கிடைத்த பதில் இது. ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து விண்ணப்பித்திருந்தால் என்னை அழைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தவன் என்பதும் படித்தவன் என்பதும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

பிறகு ஒரு தடை வந்தது. 2018இல் மேலாளர் பணியிடம் ஒன்று காலியானபோது, எனக்கு வேலை தெரியும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்; ஆயினும் நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்று பணி விளக்கத்தில் எழுதியிருந்ததால் வெளியாள் ஒருவருக்கு அது போயிற்று. அதன் பிறகு வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகள் இழுத்து அந்தப் பட்டத்தை முடித்தேன். இருபது வயதில் இரண்டு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டியது அது. என் மனைவி பட்ட சிரமத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. உங்கள் மகள் ஈராண்டோடு நிற்க வேண்டாம் என்று நான் மனமார வேண்டுவது இதனால்தான்.

விலை இறக்கத்தைப் பற்றியும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டு விளைச்சலுக்கு ஒரு பவுண்டுக்கு 4 டாலர் அளவுக்கு இருந்த பாதாம் விலை, 2022ஆம் ஆண்டு விளைச்சலுக்கு ஒன்றரை டாலருக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டுகளில் எங்கள் நிறுவனத்தில் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. எங்கள் சரக்கை மிகுதியாக வாங்கும் வெளிநாடு இந்தியாதான். ஓட்டோடு வாங்கி அங்கே உடைத்துக்கொள்கிறார்கள். 2019 ஜூன் மாதம் இந்தியா விதித்த கூடுதல் வரி 2023இல்தான் நீங்கியது. டெல்லியின் காரி பாவ்லி சந்தை வணிகர்கள் தீபாவளிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து மடேராவில் ஒருவருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் உண்டு. எனவே பாதாம் ஒன்றையே நம்பாமல், பால், திராட்சை, தக்காளி, குளிர்பதனக் கிடங்கு என்று எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய கணக்கியல், புள்ளியியல் பாடங்களில் அவள் ஆழமாக இறங்கட்டும். இன்னொன்றும் உண்டு: ஸ்பானிய மொழி. ஆலையிலும் தோட்டத்திலும் பெரும்பாலோர் பேசுவது அதுதான். அதை நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டது எனக்குப் பட்டத்துக்கு இணையான பயனைத் தந்திருக்கிறது.

---

பொன்னி (சான் ஹோசே)

நான் மாற்றுக் கருத்து உடையவள். கையில் நான்காண்டு இடம் இருக்கும்போது அதை விட்டுவிடுவது சரியென்று எனக்குப் படவில்லை. மாறுதல் நோக்கத்தோடு சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில், நான்கு ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடுபவர்கள் பாதிக்கும் மிகக் குறைவு. என் தம்பி நல்ல மதிப்பெண் பெற்றவன்; மூன்றாவது பருவத்தில் பகுதிநேர வேலை முழுநேர வேலையாகி, கையில் சம்பளம் வந்ததும், அடுத்த பருவம் சேரலாம் என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது ஆண்டுகள் போய்விட்டன. அவனை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் இருந்துகொண்டு, பழைய நண்பர்களோடு, பழைய வேலையோடு படிப்பைத் தொடர்வது கடினம். வெளியூர் விடுதியில் இருந்தால் சுற்றியிருக்கும் எல்லோரும் படித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

---

முருங்கைப்பூ (கிளோவிஸ்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாதாம்தோப்பு தம்பி எழுதியதை நேற்று இரவு கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை அவரே வாங்கிப் படித்தார். நிலம் இல்லாதவர்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறார். பொன்னி அவர்கள் சொன்ன ஆபத்து எனக்கு மிகவும் உண்மையாகப் படுகிறது. ஆகவே என் கேள்வி இப்போது சுருங்கிவிட்டது: மாறுதலில் ஓர் ஆண்டை இழக்காமல் இருக்க முதல் பருவத்திலேயே என்ன செய்ய வேண்டும்? ஒருநாள் ஐந்து ஏக்கராவது குத்தகைக்கு எடுத்து முருங்கை பயிரிட வேண்டும் என்ற எண்ணமும் அவளுக்கு இருக்கிறது. அதற்கு இந்தப் படிப்பு ஏதேனும் உதவுமா?

---

தேனருவி (டர்லாக்)

அம்மா, மாறுதலில் ஒரு பருவத்தை இழந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் வேளாண் வணிகத்தில் இரண்டு பட்டங்கள் இருந்தன. ஒன்று ஏ.எஸ்., மற்றது ஏ.எஸ்.-டி. கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. பாடங்களும் பெருமளவு ஒத்திருந்தன. வேறுபாட்டை யாரும் எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாவது, படித்து முடித்து வேலைக்குப் போவதற்கானது. இரண்டாவது, 2010இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின்படி அமைந்தது: அதை முடித்தவருக்குக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஏதேனும் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி, அதே துறையில் தொடர்ந்தால் மேலும் 60 அலகுகளில் பட்டம் முடிந்துவிடும். நான் முதலாவதை முடித்துவிட்டு மாறியபோது 11 அலகுகள் வெறும் விருப்பப் பாடங்களாகக் கருதப்பட்டன. வேதியியலையும் ஒரு பொருளியல் பாடத்தையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு பருவத்தின் கட்டணம், வாடகை, ஊதிய இழப்பு எல்லாம் அந்த ஓர் எழுத்துக்காகப் போயின.

எனவே உங்கள் மகள் சேரும் நாளிலேயே, தன் கல்வித் திட்டத்தில் ஏ.எஸ்.-டி. என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதைக் காட்டும் அசிஸ்ட் என்ற இணையதளத்தை, ஆலோசகரை நம்பியிராமல், அவளே ஒவ்வொரு பருவமும் திறந்து பார்க்கட்டும். பொதுக் கல்விப் பாடங்களுக்கு 2025 இலையுதிர்காலம் முதல், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இரண்டு அரசு அமைப்புகளுக்கும் ஒரே பட்டியல் நடைமுறைக்கு வருகிறது. அவள் அந்த நேரத்தில் சேர்வது நல்வாய்ப்பு. கணிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பொருளியல் படிப்பைப் பின்னால் விரும்பினால் நுண்கணிதம் தேவைப்படும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேளாண் வணிகத்துக்குப் பெரும்பாலும் புள்ளியியல் போதும்.

ஓர் எச்சரிக்கை. அந்தச் சட்டம் உறுதியளிப்பது அமைப்பில் ஓர் இடத்தை. நீங்கள் விரும்பும் வளாகத்தை அன்று. சான் லூயிஸ் ஒபிஸ்போ வளாகத்தில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் உங்களுக்கு ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகம் வீட்டு வாசலில் இருக்கிறது; அங்கே வேளாண் வணிகத்துக்குத் தனித்துறையே உண்டு. அப்படிச் சென்றால் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கும் விடுதிச் செலவு இல்லை. 2023இல் எடுத்த முடிவின்படி மாநிலப் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுதோறும் 6 விழுக்காடு கூடிவருகிறது: 2025-26 கல்வியாண்டில் 6,450 டாலர், 2026-27இல் 6,838 டாலர், வளாகக் கட்டணம் தனி. அந்த இரண்டு ஆண்டுகளையும் அவள் அலகுக்கு 46 டாலரில் கடந்துவிடுவாள்.

பொன்னி அவர்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். என்னோடு படித்தவர்களில் தேங்கிப்போனவர்கள், பருவத்துக்கு ஆறு, ஏழு அலகுகள் எடுத்தவர்கள். 15 அலகுகள் எடுத்தவர்கள் முடித்துவிட்டார்கள். கோடையில் ஒரு பாடம் எடுத்து வைத்தால் வேலை மிகுந்த அறுவடைப் பருவத்தில் 12 அலகுகளோடு மூச்சு விடலாம்.

---

நிலக்கடன் (விசேலியா)

வணக்கம். விவசாயக் கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். குத்தகை நிலம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுத நினைத்தேன். வேறு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கூட்டரசு வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை, வங்கியில் கடன் கிடைக்காத புதிய விவசாயிகளுக்கு நேரடியாகக் கடன் தருகிறது. நிலம் வாங்கும் கடனுக்கு மூன்று ஆண்டுப் பண்ணை மேலாண்மை அனுபவம் கேட்பார்கள். வேளாண்மை சார்ந்த கல்லூரிப் பாடங்களில் 16 பருவ அலகுகள் முடித்திருந்தால் அந்த மூன்றில் ஓர் ஆண்டை அது ஈடுசெய்யும். உங்கள் மகள் ஓர் ஆண்டுக்குள் அந்த 16 அலகுகளைப் படித்துவிடுவாள். கிரீன் கார்டு உடையவர்களும் விண்ணப்பிக்கலாம். நிலமே இல்லாத ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு இந்தப் படிப்பு தரும் நேரடியான பணமதிப்பு இது. ஆனால் பட்டத்தின் பயன்களைப் பட்டியலிடுவோர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. முருங்கை இங்கே புதிய பயிர் அன்று: ஃபிரெஸ்னோவைச் சுற்றியுள்ள, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய மொங் இன விவசாயிகள் சிறு நிலங்களில் அதைப் பயிரிட்டு வருகிறார்கள். அவள் முதலில் அவர்களில் ஒருவரிடம் ஒரு பருவம் வேலை பார்த்தால், எந்த வகுப்பிலும் கிடைக்காத விலை நிலவரத்தை அறிவாள். ஒருவேளை உங்கள் வீட்டுச் சாம்பாருக்குப் போகும் காய் அவர்களுடையதாகவே இருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். 2014இல் வந்த நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தின்படி, மிகையாக நீர் உறிஞ்சப்பட்ட படுகைகள் 2040க்குள் எடுப்பையும் ஊறுவதையும் சமன்செய்தாக வேண்டும். சான் வாகீன் பள்ளத்தாக்கில் குறைந்தது 5 இலட்சம் ஏக்கர் நிலம் பாசனத்திலிருந்து விலக வேண்டியிருக்கும் என்று கலிஃபோர்னியாவின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கால்வாய் நீர் இல்லாமல் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் நிலத்தின் விலை விழுந்ததை என் மேசையில் இருந்தபடியே பார்த்திருக்கிறேன்; அதை ஈடாக வைத்துக் கடன் வாங்கியவர்கள் என் எதிரில் அமர்ந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரின் அச்சம் பாபநாசத்துக்கு மட்டும் உரியதன்று. அதனால்தான் சொல்கிறேன்: குத்தகைக்கு எடுக்கும் நாளில் அவள் முதலில் கேட்க வேண்டியது அந்த நிலம் கால்வாய் நீர் வழங்கும் எந்தப் பாசன மாவட்டத்தில் இருக்கிறது என்பதை. ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நீர் ஒதுக்கீடு, அதற்கு என்ன கட்டணம் என்று கணக்கு வைப்பது இப்போது இங்கே ஒரு தனி வேலையாகவே வளர்ந்திருக்கிறது. வேளாண்மையும் கணக்கும் தெரிந்தவர்கள் அதற்குத் தேவைப்படுகிறார்கள்.

கடைசியாக, உரிமம். பயிரில் பூச்சியோ நோயோ கண்டால் எந்த மருந்து என்று எழுத்தில் பரிந்துரை தரும் ஆலோசகருக்கு மாநில உரிமம் வேண்டும். அந்தத் தேர்வுக்கு உயிரியல், வேதியியல், பயிர், மண், பயிர்ப் பாதுகாப்பு ஆகிய அடிப்படைப் பாடங்களில் 42 அலகுகள் தேவை. நான்காண்டுப் பட்டம் இல்லாதவர்கள் அதோடு 24 மாதத் தொழில்சார் அனுபவமும் காட்ட வேண்டும். வேளாண் வணிகப் பட்டத்தின் பாடங்கள் மட்டும் அந்த 42ஐ நிறைவு செய்யா. கறிவேப்பிலையில் சைலிட் பூச்சி பற்றி அவ்வளவு ஆர்வமாகப் படித்த பெண் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். விருப்பப் பாடங்களை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால், பின்னாளில் அந்த வழி அடைபடாமல் இருக்கும். எங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை, கடன் ஆவணங்களைத் தயாரிக்கும் பணிக்கு ஈராண்டுப் பட்டம் உடையவர்களை எடுக்கிறோம். கடன் அதிகாரியாக நான்காண்டுப் பட்டம் இல்லாத ஒருவரைக்கூட இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

---

முருங்கைப்பூ (கிளோவிஸ்)

உங்கள் எல்லோருடைய பதில்களையும் அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். 16 அலகுகள் பற்றிய வரியின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறாள். சமுதாயக் கல்லூரியில் ஏ.எஸ்.-டி., பிறகு ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்திருக்கிறோம். கணவர் ஒரு நிபந்தனை வைத்தார்: எந்தப் பருவத்திலும் 12 அலகுகளுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். அவள் ஒப்புக்கொண்டு கையெழுத்தே போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ஆலோசகரைச் சந்திக்க நேரம் கிடைத்திருக்கிறது. இணையதளத்தில் எடுத்த பாடப் பட்டியலையும் கொண்டுபோகிறோம். தம்பி, எடைமேடை வேலைக்கு எப்போது கேட்க வேண்டும்?

---

பாதாம்தோப்பு (மடேரா)

மிகவும் மகிழ்ச்சி, அக்கா. ஜூன் முதல் வாரத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். ஜூலையில் பெரும்பாலான ஆலைகள் ஆட்களை முடிவு செய்துவிடும். இணையத்தில் விண்ணப்பிப்பதோடு நில்லாமல், காலை ஏழு மணிக்கு நேரில் போய் ஆலை மேலாளரைப் பார்க்கட்டும். முருங்கை நாற்றுக் கணக்கேட்டையும் கையோடு கொண்டுபோகட்டும். கல்லூரி திறப்பதும் அறுவடை தொடங்குவதும் ஆகஸ்டில் ஒன்றாகவே வரும் என்பதால், வகுப்புகளைக் காலையில் வைத்துக்கொண்டு மாலை முறையைக் கேட்க வேண்டும். புழுதி மிகுதி, முகக்கவசம் கட்டாயம். அந்த நேரத்தில் எடைமேடையில் ஆங்கிலம் பேசுபவர் அநேகமாக இருக்க மாட்டார், எனவே ஸ்பானிய மொழியில் எண்களையாவது இப்போதே கற்கத் தொடங்கச் சொல்லுங்கள்.